இஞ்சி, ஸன்ஜபீல், ஜிஞ்சர்: ஒரு சொல்லின் வரலாறு

தமிழில் இஞ்சி, அரபியில் ஸன்ஜபீல், ஆங்கிலத்தில் ஜிஞ்சர் என வழங்கும் மூன்று பெயர்களும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை என்னும் செய்தி நம்மிடையே புதிதன்று. இலக்கிய மாநாடுகளிலும் மீலாது மேடைகளிலும் இது அடிக்கடி எடுத்துரைக்கப்படுவதுண்டு. 'திருக்குர்ஆனில் ஒரு தமிழ்ச் சொல்' என்று பேச்சாளர் முழங்க, அவை மகிழ்ந்து ஆரவாரிக்கும். அதே அவையில் முகம் சுளிப்போரும் இருப்பர். தெளிவான அரபி மொழியில் அருளப்பட்ட வேதத்தில் அயல்மொழிச் சொல் எங்ஙனம் இடம்பெறும் என்பது அவர்களது வினா. ஆரவாரமும் சுளிப்பும் ஒருபுறம் இருக்க, அச்சொல் உண்மையில் எவ்வழியே பயணம் செய்தது என்பதைச் சான்றுகளின் துணைகொண்டு காண்பதே நமது நோக்கம்.

ஆங்கிலச் சொல்லிலிருந்து பின்னோக்கிச் செல்வது எளிது. கி.பி. 1000ஐ ஒட்டிய பழைய ஆங்கில மருத்துவச் சுவடிகளிலேயே 'ஜிஞ்சிஃபெர்' என்பது போன்ற வடிவங்களில் இது காணப்படுகிறது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைக்கொண்ட பின்னர், பழைய பிரெஞ்சு மொழியின் 'ஜிஞ்சிவ்ர்' அதற்கு வலுவூட்டியது. இவையிரண்டும் இடைக்கால இலத்தீனின் 'ஜிஞ்சிபெர்' என்பதிலிருந்து வந்தவை. அதற்கு முன் செவ்வியல் இலத்தீனில் 'ஸிங்கிபெரி'. அதற்கும் முன் கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்'. மூன்று, நான்கு அசைகள் கொண்டிருந்த சொல் ஆங்கிலேயர் நாவில் இரண்டாகச் சுருங்கியது. இன்று 'ஜிஞ்சர்' என்பதன் ஈற்றில் நாம் கேட்கும் 'ர்' என்னும் ஒலி, உதிர்ந்துபோன ஒரு முழுச் சொல்லின் எச்சம். அச்சொல் யாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி தமது 'இயற்கை வரலாறு' நூலின் 12ஆம் பகுதியில் இஞ்சியைப் பற்றிக் கூறுகிறார். இஞ்சியென்பது மிளகு மரத்தின் வேர் என்று சிலர் எண்ணியிருந்தனராம். அது தவறு என்று அவர் திருத்துகிறார். ஒரு ராத்தல் இஞ்சியின் விலை 6 தெனாரியஸ் என்றும், கருமிளகின் விலை 4 தெனாரியஸ் என்றும் குறிக்கிறார். மிளகு எவ்வளவு பெறுமதியுடையதாக இருந்தது என்பதை அறிந்தோர், இஞ்சி அதனினும் விலையுயர்ந்திருந்தது கண்டு வியப்புறுவர். ஆனால் நமக்கு முக்கியமானது வேறொரு செய்தி. இஞ்சி விளைவது அரபு நாட்டிலும் செங்கடலின் மேற்குக் கரையிலும் என்றே பிளினி எழுதுகிறார். அவர் காலத்து மருத்துவரான தியோஸ்கோரிதீஸும் அவ்வாறே கருதினார். பொருளை விற்றவர் அரபியர். ஆகவே விளைவித்தவரும் அரபியரே என வாங்கியவர் எண்ணினர். இடைத்தரகர் தம் கொள்முதல் இடத்தைச் சொல்லாமல் வைத்திருப்பது எக்காலத்து வணிகத்துக்கும் இயல்பே. ஆயினும் இதனை முற்றிலும் வணிகர் கட்டிய கதையென்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டின் தாவரவியல் அறிஞர் அபூஹனீஃபா அத்தீனவரீ, அரபு நாட்டில் ஓமான் பகுதியில் இஞ்சி பயிராவதாகவே எழுதியுள்ளார். அது மண்ணுக்குள் படர்ந்து செல்லும் வேர் என்றும், காட்டில் தானே விளைவதன்று என்றும், பச்சையாகக் கீரைபோல் உண்ணவும் காயவைத்துப் பயன்படுத்தவும் படும் என்றும் அவர் கூறுவது ஓர் உழவனின் துல்லியத்தோடு அமைந்திருக்கிறது.

காட்டில் தானே விளைவதன்று என்னும் அக்கூற்று இன்றளவும் நிற்கிறது. காட்டு இஞ்சி என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு மூலச்செடி எங்கும் கண்டறியப்படவில்லை. மனிதர் கிழங்கை ஒடித்து நட்டு நட்டே அது உலகெங்கும் பரவியது. பெயரும் அவ்வாறே கைமாறிக் கைமாறிப் பரவியிருக்கிறது.

கிரேக்கர் இப்பெயரை எங்கிருந்து பெற்றனர்? வடஇந்தியாவின் பிராகிருத மொழிகளிலிருந்து என்பதில் ஆய்வாளரிடையே பெரிதும் கருத்து வேறுபாடில்லை. பௌத்தத் துறவியர் ஒழுக்கம் கூறும் பாலி மொழி வினய நூல், அவர்கள் மருந்தாக வைத்துக்கொள்ளத்தக்க கிழங்குகளைப் பட்டியலிடும்போது மஞ்சளை அடுத்து 'சிங்கிவேர' என்பதைக் குறிக்கிறது. வடமொழி ஆயுர்வேத நூல்களில் இது 'சிருங்கவேர' என வரும். சிருங்கம் என்றால் கொம்பு. இஞ்சிக் கிழங்கு மான்கொம்புபோலக் கிளைத்திருப்பதால் இப்பெயர் வந்தது என்று வடமொழியாளர் விளக்கினர். ஐரோப்பிய அகராதிகளும் நெடுங்காலம் அதையே எழுதிவந்தன.

அவ்விளக்கம் பார்வைக்கு அழகாயினும் சொல்லின் பிற்பாதியில் இடறி விழுகிறது. 'வேர' என்பதற்கு வடமொழியில் இயல்பான பொருள் இல்லை. 'உடல்' என்று பொருள் சொல்ல நிகண்டுகளைத் தேட வேண்டியிருக்கிறது. தென்மொழிகளை நோக்கித் திரும்பினாலோ தேடலுக்கே இடமில்லை. வேர் என்பது நாம் நாள்தோறும் வழங்கும் சொல். முற்பாதியான 'சிங்கி' நமது இஞ்சியே. சொல்லின் முதலில் நின்ற சகரம் தமிழில் மறைந்துபோவது திராவிட மொழியியலார் நன்கறிந்த ஒலிமாற்றம். நாம் 'ஆறு' என்னும் எண்ணைக் கோண்டி மொழியினர் இன்றும் 'சாரூங்' என்கின்றனர். அங்கே நின்ற சகரம் இங்கே உதிர்ந்தது. அதுபோலவே பழந்திராவிடத்தில் சகர முதலாக வழங்கிய சொல் தமிழிலும் மலையாளத்திலும் இஞ்சி ஆயிற்று. ஆங்கில மொழியியலாளர் ஆலன் ராஸ் 1952இல் இவ்வொரு சொல்லுக்கென்றே தனி நூல் எழுதி, அதன் வழித்தடத்தை மொழி மொழியாகத் தொடர்ந்தார். வடமொழியின் 'கொம்பு' என்பது பின்னாளில் ஒலியொப்புமை கண்டு ஏற்றப்பட்ட விளக்கமே என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் நாம் கண்ட 'ர்', இந்த 'வேர்' என்பதன் மிச்சமே.

பழந்தமிழ் நூல்களும் இஞ்சியை அறியும். சோழ நாட்டு மருத நிலத்தின் வளத்தைக் கூறுமிடத்துப் பட்டினப்பாலையும், பாண்டி நாட்டு விளைபொருள்களைக் கூறுமிடத்து மதுரைக்காஞ்சியும் இதனைக் குறிப்பிடுகின்றன. சங்க நூல்களில் இஞ்சி என்பது கோட்டை மதிலையும் குறிக்கும் என்பதைப் படிப்போர் நினைவில் கொள்ள வேண்டும். அது வேறு சொல்.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் ஆர்வ மிகுதியால் செய்யும் பிழையொன்றைச் சுட்டுதல் நலம். ஜெர்மானியர் இஞ்சியை 'இங்வெர்' என்பர். இது 'இஞ்சிவேர்' என்னும் தமிழே அன்றோ, நேராகத் தமிழகத்திலிருந்து ஜெர்மனிக்குச் சென்றதன்றோ எனக் கேட்போர் உளர். கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் பழைய ஜெர்மன் வடிவங்கள் 'கிங்கிபெர்' என்று மெய்யொலியோடே தொடங்குகின்றன. இலத்தீனிலிருந்து பெற்ற அச்சொல்லின் முதலொலி பின்னரே அம்மொழியில் தானாக உதிர்ந்தது. இலங்கையில் சிங்களர் 'இங்குரு' என்கின்றனர். அதுவும் தமிழைப் பார்த்துச் சொன்னதன்று. 'சிங்கிவேர' என்பதன் முதலிலிருந்த சகர ஒலி சிங்கள மொழியின் போக்கில் தேய்ந்தது. தமிழ், சிங்களம், ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளில், மூன்று வெவ்வேறு காலங்களில், ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஒலி உதிர்ந்திருக்கிறது. காதுக்கு ஒத்திருப்பதைக் கொண்டு உறவு பேசுவது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நல்லெண்ணெயை ஆங்கிலத்தில் 'ஜிஞ்சிலி' என்பதும், கிழக்காப்பிரிக்காவின் சான்ஸிபார் தீவும் இஞ்சியோடு உறவுடையன என்று கூறப்படுவதும் இத்தகையதே. முன்னது எள்ளைக் குறிக்கும் 'ஜுல்ஜுலான்' என்னும் அரபிச் சொல் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. பின்னது ஸன்ஜுகளின் கரை எனப் பொருள்படும் பாரசீகத் தொடர்.

திராவிட வேரும் இறுதி வேராக இல்லாதிருக்கக்கூடும். தாய்லாந்து மொழியில் இஞ்சிக்கு 'கிங்' என்றும், பர்மிய மொழியில் 'ஜின்' என்றும் பெயர். செடியே கீழைத்தீவுகளின் பக்கத்திலிருந்து வந்திருக்கக்கூடுமாதலால், முற்பாதிச் சொல்லும் அதனோடு வந்து, இங்கு 'வேர்' என்னும் நம் சொல்லைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம் எனச் சில ஆய்வாளர் கருதுகின்றனர்.

இனி அரபிக்கு வருவோம். 76ஆம் அத்தியாயமான அத்தஹ்ரில், 17ஆம் வசனம் சுவனவாசிகளுக்குப் புகட்டப்படும் பானத்தில் ஸன்ஜபீல் கலந்திருக்கும் என அறிவிக்கிறது. அதே அத்தியாயத்தின் 5ஆம் வசனம் காஃபூரைக் குறிப்பிடுகிறது. ஸன்ஜபீல் கலந்த பானத்தின் சுவையை அரபியர் விரும்பினர் என்று விரிவுரையாளர் கூறுவர். அதற்குச் சான்றாக இஸ்லாத்துக்கு முற்பட்ட பெருங்கவிஞர் அல்அஃஷாவின் கவிதையை எடுத்துக்காட்டுவர். ஆக, வேதம் அருளப்பட்ட காலத்தில் அது மக்காவாசிகளுக்கு விளங்காத அயற்சொல்லாக இருக்கவில்லை.

அரபிக்கு அது எவ்வழியே வந்தது? இங்கேதான் மேடைப்பேச்சு பிழைபடுகிறது. அரபு வணிகர் மலபார்க் கரைக்கு நேரே வந்தனர். ஆகவே சொல்லையும் நேரே கொண்டுசென்றனர் என்பது எளிய அனுமானம். சொல்லின் உருவம் அதற்கு இடந்தரவில்லை. தமிழ் வணிகரிடமோ சேர நாட்டு வணிகரிடமோ நேரே கேட்டிருந்தால் அரபியர் செவியில் விழுந்திருக்கக்கூடியது 'இஞ்சி' அல்லது 'சுக்கு'. ஸன்ஜபீலின் தொடக்கமும் ஈறும் வடக்கே சென்று திரும்பிய வடிவத்தைக் காட்டுகின்றன. ஈற்று ரகரம் லகரமாகத் திரிந்தது ஈராக்கின் அரமேய மொழியில் தெளிவாகத் தெரிகிறது. பாபிலோனிய யூதரின் தல்மூதில் 'ஸங்கபீலா' என்றே இப்பெயர் வருகிறது. நோன்பு நாளில் ஒருவர் காய்ந்த இஞ்சியை மென்றால் குற்றமாகுமா என்றும், இந்தியர் நாட்டிலிருந்து வரும் பதனிட்ட பண்டத்தை உண்ணலாமா என்றும் 4ஆம் நூற்றாண்டு ரப்பியான ராவாவின் பெயரால் அங்கு சட்ட ஆய்வு நிகழ்கிறது. அப்பண்டம் இஞ்சிப்பாகு என உரைகாரர் விளக்குவர். நமது ஃபிக்ஹு நூல்களைப் பயின்றோருக்கு இத்தகைய மஸ்அலாக்கள் அந்நியமாகத் தோன்றா. பாரசீகப் பேரரசின் ஆட்சியில், அரமேயம் பேசிய ஈராக்கின் சந்தைகளில் புழங்கிய பெயரே அரபியருக்குக் கிட்டியது. முன்னர்க் குறித்த அல்அஃஷா அப்பகுதியின் ஹீரா நகரத்தோடு தொடர்புடையவர் என்பதும், பாரசீகச் சொற்களைத் தாராளமாகக் கையாண்டவர் என்பதும் இதனோடு பொருந்துகின்றன.

நம் முன்னோரான அரபு மொழியறிஞர்கள் இதனை மறைக்கவில்லை. அஸ்ஸஆலிபீ (இறப்பு ஹிஜ்ரி 429), அயல்மொழிச் சொற்களுக்கென 'அல்முஅர்ரப்' எழுதிய அல்ஜவாலீகீ (இறப்பு ஹிஜ்ரி 540) ஆகியோர் ஸன்ஜபீலைப் பாரசீகச் சொல் என்றனர். இமாம் சுயூத்தீ (இறப்பு ஹிஜ்ரி 911) இருவரையும் மேற்கோள் காட்டித் தமது பட்டியலில் அதனைச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் கண்டது தங்களுக்கு முந்திய ஒரு படியை. அதற்கும் அப்பாலுள்ள படிகளைக் காணும் கருவிகள் அன்று இல்லை. நம் நாட்டில் அல்லாமா சையித் சுலைமான் நத்வி 1929இல் அலகாபாத்தில் ஆற்றிய 'அரபு இந்தியத் தொடர்புகள்' பற்றிய சொற்பொழிவுகளில் மிஸ்க், ஸன்ஜபீல், காஃபூர் ஆகிய மூன்றையும் இந்திய மூலமுடையவையாக எடுத்துக்காட்டி, அவற்றை வடமொழியோடு இணைத்தார். அக்காலத்து ஆய்வுநிலை அதுவே. அவர் காட்டிய திசை சரியானது. ஸன்ஜபீலைப் பொறுத்தவரை அத்திசையில் இன்னும் தெற்கே நடக்க வேண்டியிருந்தது.

அவ்வாறாயின் அரபி வேதத்தில் அயற்சொல் உண்டு என்றாகுமே எனும் தயக்கத்துக்கு வருவோம். இது நவீனர் கிளப்பிய ஐயமன்று. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இமாம்கள் இதனை விவாதித்தனர். இமாம் ஷாஃபிஈ (இறப்பு ஹிஜ்ரி 204 / கி.பி. 820) தமது 'அர்ரிஸாலா'வில் குர்ஆனில் அரபியல்லாத சொல் இல்லை என்று உறுதிபட நின்றார். மொழி வல்லுநர் அபூஉபைதாவும் அக்கருத்தினரே. இமாம் தபரீ (இறப்பு ஹிஜ்ரி 310 / கி.பி. 923), இத்தகைய சொற்கள் பல மொழிகளுக்கும் பொதுவாக அமைந்துவிட்டவை, இன்ன மொழியே மூலம் என அறுதியிட வேண்டியதில்லை என்றார். அபூஉபைத் அல்காஸிம் இப்னு ஸல்லாம் (இறப்பு ஹிஜ்ரி 224 / கி.பி. 838) இரு தரப்பையும் இணைத்தார். இச்சொற்கள் மூலத்தில் பிறமொழியினவே. ஆனால் அரபியர் அவற்றைத் தம் நாவால் உருமாற்றித் தமதாக்கிக்கொண்டபின், அவை அரபிச் சொற்களாக இருந்த நிலையிலேயே வேதம் அருளப்பட்டது. ஆதலின் அயல்மொழிச் சொல் என்போர் கூற்றும் உண்மை, அரபி என்போர் கூற்றும் உண்மை என்பது அவர் முடிபு.

நமக்கு இம்முடிபே பொருத்தமாகத் தோன்றுகிறது; ஸன்ஜபீலின் வரலாறு இதற்கு அப்படியே துணைநிற்கிறது. 'திருக்குர்ஆனில் தமிழ்ச் சொல்' என்று கூறுவது இவ்வகையில் துல்லியமற்ற பேச்சு. தென்னிந்திய வேருடைய ஒரு சொல், பல மொழிகளைக் கடந்து அரபியின் உடைமையாகிப் பல காலம் கழித்து வேதத்தில் இடம்பெற்றது என்பதே வரலாறு. தமிழுக்கு இதில் வரும் பெருமையில் குறைவொன்றுமில்லை. சுவனத்துப் பொருள்களுக்கும் இவ்வுலகப் பொருள்களுக்கும் பொதுவானவை பெயர்கள் மட்டுமே என்ற கருத்து இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்பட்டுள்ளது. நாம் இங்கு ஆராய்வதும் பெயரை மட்டுமே.

பெருமை தேடும் ஆர்வம் இன்னோரிடத்திலும் நம்மைத் தடுமாறச் செய்கிறது. இந்திய மன்னர் ஒருவர் நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு ஜாடி இஞ்சியை அன்பளிப்பாக அனுப்பினார், அதனை அவர்கள் தோழர்களுக்குத் துண்டு துண்டாகப் பகிர்ந்தளித்தார்கள் என்னும் அறிவிப்பு ஹாகிமின் 'முஸ்தத்ரக்'கில் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) வாயிலாக வருகிறது. அம்மன்னர் சேரமான் பெருமாளே என்று இணைத்துப் பேசுவோர் பலர். ஆனால் இவ்வறிவிப்பு அம்ர் இப்னு ஹக்காம் என்னும் பலவீனமான அறிவிப்பாளரைச் சார்ந்தது. இதே செய்தி, அனுப்பியவர் உரோமானிய மன்னர் என்றும் அவர் வாயிலாக வருகிறது. இமாம் தஹபீ (இறப்பு ஹிஜ்ரி 748 / கி.பி. 1348) தமது 'மீஸானுல் இஃதிதால்' நூலில் இந்த உரோமானிய வடிவத்தை மறுக்கும் முறை சுவையானது. உரோமானிய மன்னர் எதையும் அன்பளிப்புச் செய்ததாக அறியப்படவில்லை என்பது அவரது முதற்காரணம். உரோமிலிருந்து ஹிஜாஸுக்கு இஞ்சி வருவதை அறிவு ஏற்காது, அது உரோமிலிருந்து மதீனாவுக்குப் பேரீச்சம்பழம் அனுப்புவது போன்றது என்பது இரண்டாவது. திமிஷ்கில் இருந்துகொண்டு, இஞ்சி எத்திசையிலிருந்து எத்திசைக்குச் செல்லும் பண்டம் என்பதைக் கொண்டு ஒரு செய்தியின் தரத்தை அவர் அளந்திருக்கிறார். சேரமான் கதைக்கு இவ்வறிவிப்பைத் தூணாக நிறுத்துவோர், தஹபீயின் இந்தப் பக்கத்தை ஒருமுறை படித்தல் வேண்டும்.

அத்திசை இடைக்காலத்தில் மிக நன்றாகவே தெரிகிறது. 1340களில் மேற்குக் கரையில் பயணம் செய்த இப்னு பதூதா, ஹொன்னாவரின் சுல்தான் ஜமாலுத்தீன் அளித்த விருந்தில் சோற்றோடு ஊறவைத்த மிளகும் பச்சை இஞ்சியும் எலுமிச்சையும் மாங்காயும் பரிமாறப்பட்டதை எழுதியுள்ளார். மொராக்கோ நாட்டவரான அவர் அதனையும் ஸன்ஜபீல் என்றே குறித்தார். பச்சையாயினும் காய்ந்ததாயினும் அரபியில் ஒரே பெயர்தான். நாம் இஞ்சி என்றும் சுக்கு என்றும் பிரித்துச் சொல்வதும், உருதுவினர் அத்ரக் என்றும் ஸோண்ட் என்றும் பிரிப்பதும் விளையும் நாட்டாரின் நுட்பம். கடல்கடந்து வாங்குவோருக்குப் பெரும்பாலும் காய்ந்ததே கிட்டியது.

யூனானி மருத்துவர் வழியே இந்தியாவுக்குத் திரும்பிவந்த பெயரும் அந்த ஸன்ஜபீலே. அத்ரக் என்று அடுப்படியில் சொல்லும் உருது முஸ்லிமும் ஹகீமிடம் சென்றால் 'ஜவாரிஷ் ஸன்ஜபீல்' என்றே கேட்டு வாங்குகிறார். பாரசீகரும் தம் பழைய வடிவத்தைக் கைவிட்டு, தாம் அரபியருக்குக் கொடுத்த சொல்லை அரபியரிடமிருந்தே திரும்பப் பெற்று வழங்குகின்றனர். அபிசீனியாவின் அம்ஹாரிக் மொழியில் 'ஸின்ஜிபில்', துருக்கியில் 'ஸென்ஜெஃபில்'. 1807இல் ஆங்கிலேயர் வில்லியம் ரோஸ்கோ செடிக்கு வைத்த அறிவியற்பெயர் 'ஸிங்ஜிபெர் அஃபிசினாலே' என்பது. அதன் காரத்துக்குக் காரணமான வேதிப்பொருளும் இன்று 'ஜிஞ்சரால்'.

ஐரோப்பியர் தம் சந்தையில் இஞ்சியை எவ்வாறு தரம் பிரித்தனர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஃபிளாரன்ஸ் நகரத்துப் பர்தி வணிக நிறுவனத்தின் ஊழியர் பெகொலொத்தி, 1340ஐ ஒட்டி வணிகருக்கான கையேடு ஒன்றைத் தொகுத்தார். அதில் இஞ்சி மூவகை: 'கொலம்பினோ', 'மிக்கினோ', 'பெல்லெதி'. முதலாவது கொல்லத்து இஞ்சி. இரண்டாவது மக்கா வழியே வந்தது. மூன்றாவது 'பலதீ' என்னும் அரபிச் சொல்; உள்ளூர்ச் சரக்கு, நாட்டு இஞ்சி என்று பொருள். மலபார்க் கரையில் நின்று அரபு வணிகர் ஒருவர் 'இது நம்மூர்ச் சரக்கு' என்று சொன்னதை, அச்சொல்லின் பொருளறியாத இத்தாலியர் ஓர் இஞ்சி வகையின் பெயராகவே எழுதி வைத்துக்கொண்டனர்.